கல்லின் ஆற்றலும் கடவுளின் வல்லமையும்

‘கல்லுக்கும் சக்தி உண்டு’ என்னும் பேச்சு நமக்குப் புதிதன்று. நீலம் சனிக்கு, கோமேதகம் இராகுவுக்கு, பவளம் செவ்வாய்க்கு என்று வகுத்த பட்டியலை நம் பாட்டிமாரும் அறிந்திருந்தனர். அண்மைக் காலத்தில் அதனோடு வேறொன்றும் சேர்ந்திருக்கிறது. படிகக் கற்களை உடலின்மேல் வைத்து, ‘ஆற்றல் ஓட்டத்தை’ச் சீராக்கி, நோயையும் மனச்சோர்வையும் நீக்கலாம் என்னும் பயிற்சி அது. உப்புநீரில் கழுவினால் கல் தூய்மை பெறும், முழுநிலவில் வைத்தால் ஆற்றல் ஏறும், இன்ன குறைக்கு இன்ன கல் என்றெல்லாம் அதற்கு விரிவான முறைமைகள் உண்டு. இவற்றைக் கற்றுத் தேர்ந்து, ஆண்டுக்கணக்கில் பயின்று, பிறருக்கும் செய்து வருவோர் நம் பங்குகளிலும் இருக்கின்றனர். அவர்கள் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர்கள். ஒரே பையில் செபமாலையையும் படிகத்தையும் வைத்திருப்பவர்கள்.

அவர்களை மனத்தில் கொண்டே இதனை எழுதுகிறோம். ஆர்வத்தால் தொடங்குபவர் ஆர்வம் தணிந்ததும் விட்டுவிடுவார். நெடுங்காலம் பயின்றவர் அத்தகையவர் அல்லர். அவரிடம் அனுபவம் இருக்கிறது, வாதம் இருக்கிறது, மறைநூல் சான்றும் இருக்கிறது. ‘மூடநம்பிக்கை’ என்ற ஒரே சொல்லால் அவரை ஒதுக்கிவிடுதல் எளிது, ஆனால் நீதியன்று. அவர் கூறுவனவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வதே முறை.

முதலாவதாக அவர் அறிவியலைத் துணைக்கு அழைக்கிறார். ‘கைக்கடிகாரத்தை ஓட்டுவது குவார்ட்ஸ் படிகமல்லவா? கல்லில் ஆற்றல் இல்லையென்றால் கடிகாரம் எப்படி ஓடும்?’ என்று வினவுகிறார். நல்ல வினாவே. 1880-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் ழாக் கியூரி, பியேர் கியூரி என்னும் உடன்பிறந்தார் இருவர், குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் அவற்றின் பக்கங்களில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். ஆனால் அந்த மின்சாரம் கல்லுக்குள் உறங்கிக் கிடந்ததன்று. அழுத்திய கையின் உழைப்பே மின்னாக மாறியது. கடிகாரத்திலும் அவ்வாறே. மின்கலம் கொடுக்கும் ஆற்றலைப் பெற்றே படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மின்கலம் தீர்ந்தால் படிகமும் நின்றுவிடும். மேலும், கடிகாரத்தில் வைக்கும் படிகம் பெரும்பாலும் தொழிற்சாலைகளில் வளர்க்கப்படுவது. ‘இயற்கைக் கல்லுக்கே சக்தி’ என்போர் செயற்கைக் கல்லைச் சான்றாகக் காட்டுகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இன்னுமொன்று. குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. ஆற்றுமணலின் பெரும்பகுதியும் அதுவே. கழுத்தில் அணியும் படிக மாலைக்கும், வீடு கட்டக் குவித்திருக்கும் மணலுக்கும் பொருளால் வேற்றுமை இல்லை. தூய்மையாலும் உருவாலுமே வேற்றுமை.

இதனை நம் மாவட்டத்தாரினும் நன்கு அறியத்தக்கவர் எவருமிலர். நமக்கு அண்மையிலுள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் ஆகிய கனிமங்கள் கலந்துள்ளன. இவற்றைப் பிரித்தெடுக்கும் அருமணல் ஆலை அங்கே இருப்பதை யாவரும் அறிவோம். இராகுவுக்கென்று அணியும் கோமேதகம் கார்னெட் இனத்தைச் சேர்ந்தது. அவ்வினத்தின் மற்றொரு வகையே நம் கடற்கரையில் செம்மணலாய்ப் பரந்து கிடக்கிறது. அது உப்புத்தாள் செய்யவும் உலோகம் அறுக்கவும் பயன்படுகிறது. மோதிரத்தில் பதித்த ஒரு கல் வாழ்வை மாற்றவல்லதெனில், நாள்தோறும் அந்த மணலில் நடந்து, அதன்மீதே வலை உலர்த்தி வாழும் மீனவ மக்களன்றோ உலகில் துன்பமே அறியாதவர்களாய் இருத்தல் வேண்டும்?

அதே மணலில் உண்மையான ஆற்றலுடைய கல்லும் இருக்கிறது. 1909-ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்ற செர்மானிய வேதியியலாளர் மணவாளக்குறிச்சியில் மோனசைட்டைக் கண்டறிந்தார். அதில் தோரியம் உண்டு. அதிலிருந்து கதிர்வீச்சு வெளிப்படுகிறது. அக்கதிர்வீச்சு நம்புகிறவரையும் நம்பாதவரையும் வேறுபடுத்துவதில்லை. அதனைக் கருவியால் அளக்கலாம். ஆனால் அது எவர்மீதும் இரக்கம் கொள்வதில்லை. எவருடைய கண்ணீரையும் அறிவதில்லை. பொருளின் ஆற்றல் எத்துணை உண்மையானதாயினும் அதற்கு முகம் இல்லை. இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

இரண்டாவதாக, ‘நான் உணர்ந்திருக்கிறேன்’ என்கிறார் பயிற்சியாளர். கல்லைப் பிடித்ததும் உள்ளங்கை சூடேறியது, நெஞ்சு இலேசாயிற்று, நோயாளிக்கு உறக்கம் வந்தது என்கிறார். இவை பொய்யென்று நாம் சொல்ல வரவில்லை. இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் பிரெஞ்ச், 80 தன்னார்வலரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வை 2001-இல் அறிவித்தார். சிலரிடம் உண்மையான குவார்ட்ஸ் கல்லும், சிலரிடம் போலிக் கல்லும் கொடுத்துத் தியானிக்கச் செய்தனர். போலிக் கல்லைப் பிடித்தவரும் அதே சூட்டையும் சிலிர்ப்பையும் அமைதியையும் கூறினர். இன்னின்ன உணர்வுகள் தோன்றலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்க்கு அவ்வுணர்வுகள் மிகுதியாய்த் தோன்றின.

இதனால் விளங்குவது யாது? உணர்வு உண்மை; அதற்குக் காட்டிய காரணமே தவறு. நோயுற்ற ஒருவரைப் படுக்கவைத்து, விளக்கைத் தணித்து, அரைமணி நேரம் அவர் அருகே அமைதியாய் அமர்ந்து, அவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்டால் அவருக்கு நெஞ்சு இலேசாகாதா? மருத்துவமனை வரிசையில் சில மணித்துளிகளே கிடைக்கும் ஒருவருக்கு அந்த அரைமணி நேரம் எத்துணைப் பெரிய கொடை! கல் செய்ததாகப் பயிற்சியாளர் எண்ணியதை, உண்மையில் அவரே செய்திருக்கிறார். தம் அன்பின் பெருமையை அவர் ஒரு கல்லுக்குக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவதாக, மறைநூலையும் புனிதர்களையும் சான்றாக நிறுத்துகிறார். தலைமைக் குரு ஆரோனின் மார்புப் பட்டயத்தில் பன்னிரு மணிகள் இருந்ததை விடுதலைப் பயண நூல் 28-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். புதிய எருசலேமின் அடிக்கற்களும் பன்னிரு மணிகளே என்கிறது திருவெளிப்பாடு 21-ஆம் அதிகாரம். பிங்கன் நகர்ப் புனித ஹில்டெகார்ட் கற்களின் மருத்துவக் குணங்களைப் பற்றி எழுதியவர். 2012-இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டவர். புனித பெரிய ஆல்பர்ட்டும் கனிமங்களைப் பற்றிய நூலில் இத்தகைய குணங்களைப் பேசுகிறார். இவை எல்லாம் உண்மையே, மறைக்க வேண்டியதில்லை. அக்காலத்து இயற்கை அறிவில் மூலிகையும் கல்லும் ஒருங்கே மருந்துகளாய் எண்ணப்பட்டன. தம் காலத்து அறிவைக் கற்று எழுதினர் அப்பெருமக்கள். ஆனால் கற்களைப் பற்றிய கருத்துக்காகத் திருச்சபை அவர்களை மறைவல்லுநர் ஆக்கவில்லை.

ஆரோனின் மணிகளையோ சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒவ்வொரு மணியிலும் இஸ்ரயேலின் ஒரு குலத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. மக்களின் பெயர்களைத் தம் நெஞ்சின்மேல் சுமந்துகொண்டு ஆண்டவர் திருமுன் செல்வதற்காகவே குரு அதனை அணிந்தார். அவர் தம் நலத்துக்காக அணியவில்லை. பிறரை நினைவுகூர அணிந்தார். மணி அங்கே ஆற்றலைத் தேக்கிய கலமன்று. பெயரைத் தாங்கிய ஏடு.

நம் தமிழ் மரபும் மணிகளை நன்கறியும். கொடுமணல் அகழாய்வில் மணிகள் செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. சிலப்பதிகாரம் மதுரையின் மணிக்கடை வீதியில் மணிகளின் குணத்தையும் குற்றத்தையும் வகுத்துரைக்கிறது. அதே காப்பியத்தில் கண்ணகியின் சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கம் உண்மைக்குச் சான்றாகிறது. ஆனால் கோவலனின் உயிரை அது காக்கவில்லை. மணி சான்று கூறும், காவல் புரியாது.

நான்காவது வாதமே மிகக் கூரியது. ‘நீங்களும் புனித நீர் தெளிக்கிறீர்கள், செபமாலையை மந்திரித்துத் தருகிறீர்கள், உத்தரியமும் சுரூபமும் அணியச் சொல்கிறீர்கள். புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறைக்குச் சென்று நீரை எடுத்து வருகிறீர்கள். உங்கள் கல்லுக்கு உண்டெனில் எங்கள் கல்லுக்கு ஏன் இல்லை?’ இதற்குச் சினத்தால் மறுமொழி கூறலாகாது. சிந்தித்தே கூற வேண்டும்.

தக்கலைக்கு அருகே நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். பத்மநாபபுரம் அரண்மனையில் பணியாற்றிய நட்டாலம் நீலகண்டன், 1712-இல் பிறந்தவர். உடைமைகளை இழந்து மனம் உடைந்திருந்த வேளையில், உதயகிரிக் கோட்டையில் பணிபுரிந்த டச்சுத் தளபதி டி லனாயிடம் தம் துயரைச் சொன்னார். கிரகம் சரியில்லை, இன்ன கல் அணிக என்று அவர் சொல்லவில்லை. உத்தமராயிருந்தும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். துன்பத்தைத் துரத்தும் வழியன்று, துன்பத்திலும் கைவிடாத ஒருவரே நீலகண்டனுக்கு அன்று அறிமுகமானார். 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது அவர் ஏற்ற பெயர் தேவசகாயம். சகாயம் என்பது ஆள் செய்வது, கல் செய்வதன்று.

1749-இல் அவர் கைதானார். துன்புறுத்தப்பட்டுத் தாகத்தால் தவித்தபோது புலியூர்க்குறிச்சியில் அவர் முழங்கையால் இடித்த பாறையில் நீர் சுரந்தது என்பது நம் முன்னோர் வழிவழியாய்ச் சொல்லி வருவது. ஆனால் அந்த நீர் அவருடைய விலங்கைத் தளர்த்தவில்லை. 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் அவர் சுடப்பட்டு இறந்தார். 2022 மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. பாறை அவருக்குக் கேடயம் ஆகவில்லை. கைவிடப்படவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளமாயிற்று, அவ்வளவே. அப்பாறை நீரை ஆற்றல் மிக்க திரவம் என்று எண்ணிப் புட்டியில் நிரப்புகிறவர், தேவசகாயத்திடமிருந்து எதனையும் கற்கவில்லை. அவருடைய உறுதியை எண்ணி, அவருடைய ஆண்டவரிடம் மன்றாடிக்கொண்டு பருகுபவரோ முறையாய்ப் பருகுகிறார். நீர் ஒன்றே, உள்ளம் வேறு.

திருச்சபையின் போதனையும் இதுவே. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், தாயத்து அணிவதைக் கண்டிக்கிறது (எண் 2117). அங்கே அது நின்றுவிடவில்லை. உள்ளத்தின் நிலையைப் பொருட்படுத்தாது, வெளிச்செயலால் மட்டுமே செபமும் அருளடையாளக் குறிகளும் பலன் தரும் என எண்ணுதல் மூடநம்பிக்கை என்றும் சொல்கிறது (எண் 2111). இது படிகம் வைத்திருப்பவரை மட்டுமன்று, செபமாலை வைத்திருப்பவரையும் நோக்கிச் சொல்லப்பட்டதாகும். 2003-இல் ‘புதுயுகம்’ எனப்படும் இயக்கத்தைப் பற்றித் திருஆட்சிப்பீடத்தின் இரு அவைகள் இணைந்து வெளியிட்ட ஆவணமும் இதே வினாவை எழுப்பியது: கடவுள் நாம் உறவுகொள்ளும் ஒருவரா, நாம் பயன்படுத்திக்கொள்ளும் ஆற்றலா?

மறைநூலும் இதில் பட்சபாதம் காட்டவில்லை. மோசே ஆண்டவரின் கட்டளைப்படி உயர்த்திய வெண்கலப் பாம்பு, மக்கள் அதற்கே தூபமிடத் தொடங்கியபோது, எசேக்கியா மன்னரால் உடைக்கப்பட்டது (2 அரசர்கள் 18:4). இயேசுவின் பெயரையே ஒரு மந்திரமாய்ப் பயன்படுத்த முயன்ற ஸ்கேவாவின் புதல்வர்கள் காயமுற்று ஓடினர் (திருத்தூதர் பணிகள் 19). கடவுள் தந்ததையும், கடவுளின் திருப்பெயரையுமே கருவியாக்கலாம். அங்ஙனமாயின் உத்தரியத்தைத் தாயத்தாக்குவது அரிதாகுமா?

கடினமான ஓர் உண்மையையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபோது குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்களில் எத்தனையோ உயிர்கள் மறைந்தன. கார்னெட் மணலில் பிறந்து வளர்ந்தோர் மறைந்தனர். கழுத்தில் செபமாலையும் உத்தரியமும் அணிந்திருந்தோரும் மறைந்தனர். உத்தரியம் ஒரு காப்புக் கருவியெனில் அது அன்று தோற்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும். அது கருவியன்று; உறவின் அடையாளம். அலையிலும் இறப்பிலும் அறாத உறவு அது என்பதால், பிள்ளையின் செபமாலையை இன்றும் கையில் ஏந்திச் செபிக்கும் தாயின் நம்பிக்கை பொய்யாகவில்லை. எந்தக் கல்லாலும் அந்தத் தாய்க்கு இதனைக் கொடுக்க முடியாது.

ஐந்தாவதாக, ‘நன்மை இல்லாவிடினும் தீமை என்ன?’ என்பர். தீமை இரண்டு உண்டு. மருத்துவரிடம் செல்ல வேண்டிய காலத்தைக் கல் விழுங்கிவிடுகிறது என்பது ஒன்று. மற்றொன்று அதனினும் கொடியது. நலம் கிட்டாதபோது ‘நீ ஐயப்பட்டாய், அதனால் கல் வேலை செய்யவில்லை’ என்று நோயாளியின்மீதே பழி விழுகிறது. நோயைச் சுமப்பவர் குற்றத்தையும் சுமக்கிறார். யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதுவே. ‘உன் விசுவாசம் போதாது, அதனால் செபம் கேட்கப்படவில்லை’ என்று நம் செபக்கூட்டங்களில் சொல்லும்போது நாமும் இதையே செய்கிறோம். கல் மாறியிருக்கிறது, கொடுமை மாறவில்லை.

அப்படியானால் இயேசுவிடமிருந்து வல்லமை வெளிப்படவில்லையா என்று கேட்கலாம். வெளிப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் கூட்டத்தில் மறைந்து வந்து அவருடைய மேலுடையைத் தொட்டார். உடனே நலம் பெற்றார் (மாற்கு 5). வல்லமை மட்டுமே வேண்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இயேசு நின்றார். தொட்டவர் யார் என்று தேடினார். அந்தப் பெண் அஞ்சி நடுங்கி முன்வந்து உண்மையெல்லாம் சொல்லும்வரை காத்திருந்தார். பின்னர் மகளே என்று அழைத்தார். உடை நலம் தந்ததென்று அவள் எண்ணிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகவே அவர் நின்றார் போலும். கல் நம்மை ஒருபோதும் திரும்பிப் பார்ப்பதில்லை. யார் தொட்டது என்று கேட்பதில்லை. அதனால்தான் அது நமக்கு வசதியாயிருக்கிறது. மனமாற்றத்தைக் கேட்பதில்லை, மன்னிக்கச் சொல்வதில்லை, அயலாரோடு ஒப்புரவாகச் சொல்வதில்லை. முகமில்லாத ஆற்றலை நாடுவோர் பெரும்பாலும் முகத்துக்கு அஞ்சுவோரே.

நெடுநாள் பயின்ற அன்பர்களுக்கு நாம் சொல்வது இது. உங்களிடமுள்ள கற்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவற்றில் பேயும் இல்லை, தெய்வமும் இல்லை. அவை கடவுளின் படைப்பு, அழகுக்காகப் போற்றுங்கள். விலைமதிப்புடையதெனில், விற்று ஓர் ஏழையின் மருந்துக்குக் கொடுங்கள். ஆனால் நோயாளியின் அருகே அமரும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். யோபுவின் நண்பர்கள் வாய் திறக்கும் முன், ஏழு நாள் அவரோடு தரையில் மௌனமாய் அமர்ந்திருந்தார்களே, அதுவே அவர்கள் செய்த ஒரே நற்செயல். அந்த யோபு நூலின் 28-ஆம் அதிகாரம், சுரங்கம் தோண்டி மணிகளை எடுக்கும் மனிதனின் திறமையை வியந்து பேசுகிறது. நீலமணி, பவளம், பளிங்கு, முத்து, புட்பராகம் என ஒவ்வொன்றாய் எடுத்து நிறுத்தி, ஞானத்துக்கு இவை ஈடாகா என்று தள்ளுகிறது. இந்த வாரம் உங்கள் அன்பியத்தில் நோயுற்ற ஒருவர் இருப்பார். வெறுங்கையோடு சென்று அவர் கையைப் பிடித்து அமருங்கள். அவருக்கு வேண்டியது அதுவே.